கோபுரம் தூரம், நடுவில் காடு: வன்னி வீட்டுக்கு எந்த இணைப்பு?

இணையம் இழுபடுகிறது என்றதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது கூடிய விலைப் பக்கேஜுக்கு மாறுவதுதான். மாங்குளத்துக்குக் கிழக்கே ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மேற்கே துணுக்காய், பாண்டியன்குளம் என்று பிரதான வீதியை விட்டு உள்ளே போனால் அந்தக் காசு அனேகமாக வீண். பக்கேஜ் என்பது கம்பனி தர ஒப்புக்கொள்ளும் உச்ச வேகம் மட்டுமே. அது உங்கள் மேசைக்கு வந்து சேராமல் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்குத்தான்.

அது நிற்கக்கூடிய இடங்கள் மூன்று. வீட்டுக்குள் வைஃபை, வீட்டுக்கும் சிக்னல் கோபுரத்துக்கும் நடுவிலுள்ள மரமும் தூரமும், கோபுரத்திலேயே உள்ள நெரிசல். கீழே வரும் தெரிவுகளில் எதுவும் இந்த மூன்றையும் சேர்த்துத் தீர்க்காது. அதனால் முதலில் அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 போல ஓர் இலக்கம் இருக்கும். அதை உலாவியில் அடித்து உள்ளே போனால் சிக்னல் விபரம் வரும். பார்க்க வேண்டியவை இரண்டே: ஆர்எஸ்ஆர்பி (RSRP), எஸ்ஐஎன்ஆர் (SINR). முன்னையது கோபுரத்தின் ஒலி எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது. பின்னையது இரைச்சலுக்கு மேலே அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. திரையில் தெரியும் நாலு கோடு, ஐந்து கோடு இவற்றை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பெட்டியும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

ஆர்எஸ்ஆர்பி எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. −85ஐ விட நன்றாக இருந்தால் குறையில்லை. −95 முதல் −105 வரை சமாளிக்கலாம். −110க்குக் கீழே போனால் மழைக்கும் காற்றுக்கும் அறுந்து அறுந்து வரும். எஸ்ஐஎன்ஆர் 20க்கு மேல் என்றால் மிக நன்று, 10 போதும், 5க்குக் கீழே தொல்லை, பூச்சியத்துக்குக் கீழே என்றால் எந்தப் பக்கேஜும் உதவாது.

பிறகு வேகம். விடிய 6 மணி, பகல் 2 மணி, இரவு 9 மணி என்று மூன்று நேரம், இரண்டு மூன்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து அளக்க வேண்டும். கணினி இல்லையென்றால் ரவுட்டருக்கு இரண்டு மீற்றருக்குள் போனை வைத்து அளக்கலாம். டேட்டா மிச்சம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கோட்டா முடிந்தபின் கம்பனி குறைத்துவிட்ட வேகத்தை அளந்துவிட்டுக் கோபுரத்தைத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது.

வந்த எண்களை இப்படி வாசிக்கலாம். கேபிளில் 20 மெகாபிட், அறைக்குள் போனில் 4 என்றால் குறை வைஃபையில். ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள், வேறு செலவு தேவையில்லை. ஆர்எஸ்ஆர்பி −112, எஸ்ஐஎன்ஆர் 2, நாள் முழுக்க ஒரே மாதிரி 3 மெகாபிட் என்றால் தடை மரத்திலும் தூரத்திலும். சிக்னல் −88, எஸ்ஐஎன்ஆர் 16, விடிய 25 மெகாபிட், இரவு 9க்கு 2 என்றால் கோபுரம் நெரிசல். இந்தக் கடைசி வகையில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அன்ரெனா வாங்கிப் பூட்டியபின் சிக்னல் −78 ஆகும், இரவு வேகம் அதே 2 ஆகவே இருக்கும்.

ஃபைபர் வந்திருந்தால்

ஒழுங்கைக்கு முன்னால் ஃபைபர் கம்பி போகிறதென்றால் மற்றதை யோசிக்கத் தேவையில்லை. பிரச்சினை, அது பெரும்பாலும் ஏ-9 வீதியோடும் நகரங்களோடும் நின்றுவிடுகிறது. அதனால் வீடுகளுக்குக் கம்பி பிரியும் கிளைப் பெட்டி உங்கள் படலையிலிருந்து எத்தனை மீற்றரில் இருக்கிறது, அதில் வெற்று இடம் இருக்கிறதா, நடுவில் எத்தனை கம்பம் நட வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்ற நான்கையும் விண்ணப்பத்துக்கு முன்னரே கேட்க வேண்டும். பக்கத்து வீடுகள் நாலைந்து சேர்ந்து ஒரே நேரத்தில் கேட்டால் கம்பம் நடும் வாய்ப்புக் கூடும்.

இணைப்புப் போட வருபவரிடம் வீட்டுக்குள் வந்து சேரும் ஒளியின் அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். −15 முதல் −24 வரை இருந்தால் திருப்தி. வழக்கமாக −27க்குக் கீழே போனால் வீட்டு ரவுட்டர் இணைப்பைப் பிடிக்காது. முதல் நாளே −26 என்றால் எங்கோ இணைப்பு அழுக்கு, அல்லது கம்பி கூர்மையாக மடிந்திருக்கிறது. அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பிறகு சிவப்பு விளக்கு எரிந்தால் அனேகமாகக் கம்பி அறுந்திருக்கும்: முறிந்த கிளை, தாவும் குரங்கு, உயரமாக வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் தாங்குகம்பி இரும்பென்றால் அது கடத்தும்.

பழைய செப்புக் கம்பி இணைப்பு இன்னும் கையில் இருப்பவர்கள் ரவுட்டரில் கோட்டு இழப்பைப் பாருங்கள். கிலோமீற்றருக்குச் சுமார் 14 டெசிபல் (சிக்னல் கூடிக் குறைவதை அளக்கும் அலகு) இழப்பு. 60 டெசிபல் காட்டினால் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையம் நாலு கிலோமீற்றருக்கு மேல்; அதில் ஓரிரு மெகாபிட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. புதிதாக இதை எடுக்க வேண்டாம்.

4ஜி: பெட்டி எங்கே இருக்கிறது என்பதே விஷயம்

உட்கிராமத்தில் பத்தில் எட்டு வீட்டுக்கு விடை இதற்குள்தான் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் வழக்கமாகச் செய்யும் விதத்தில் இல்லை.

முதலில் கம்பனி. 2024இல் எயார்டெல், டயலொக்கோடு இணைந்தபின் களத்தில் இருப்பவை மூன்று: டயலொக், எஸ்எல்டி-மொபிட்டெல், ஹட்ச். மூன்றிலும் சாதாரண முற்கொடுப்பனவு சிம் ஒவ்வொன்று வாங்கி, ஒரே போனில் மாற்றி மாற்றி, வளவின் நாலு மூலையிலும் அளக்கலாம். ஊரில் எல்லாரும் பாவிக்கும் சிம் என்பது நல்ல காரணமல்ல. எல்லாரும் பாவிப்பதால்தான் இரவில் அந்தக் கோபுரம் நெரிகிறது. சிக்னல் சற்றுக் குறைவாக, ஆனால் எஸ்ஐஎன்ஆர் கூடியதாக, ஆள் குறைந்ததாக இருக்கும் கோபுரமே மேல்.

அடுத்தது அலைவரிசை. 900 மெகாஹேர்ட்ஸ் தூரம் போகும், இலையையும் ஓரளவு ஊடுருவும், ஆனால் தரக்கூடிய வேகம் குறைவு. 1800 நடுத்தரம். வீட்டு இணைப்புகளுக்குப் பாவிக்கும் 2300, 2600 வேகமானவை; முதிரையும் பாலையும் அடர்ந்த காட்டுக்குள்ளே அவையே முதலில் மடியும். ஈர இலை இன்னும் மோசம். கோடையில் ஓடிய இணைப்பு கார்த்திகையில் சோர்வதற்கு இதுதான் காரணம், கம்பனி வேகத்தைக் குறைத்ததல்ல.

கூரைத் தகடு பெரிய எதிரி. தகரத்துக்குக் கீழே அறைக்குள் இருக்கும் ரவுட்டரை, கோபுரம் இருக்கும் பக்கத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றினாலே பல வீடுகளில் 10 டெசிபல் வரை கூடும். பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு. செலவு ஒரு நீட்டு வயர். இதைச் செய்து பார்க்காமல் வேறெதையும் வாங்க வேண்டாம்.

அது போதாதென்றால் இரண்டு வழி.

ஒன்று, வெளி அன்ரெனா வாங்கிக் கூரைக்கு மேலே பூட்டி, கோஅக்ஸ் கேபிளில் ரவுட்டருக்குக் கொண்டுவருவது. கடையில் அதிகம் விற்பது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். அன்ரெனாவோடு வரும் மெல்லிய கறுப்புக் கேபிள் 2300 மெகாஹேர்ட்ஸில் மீற்றருக்குச் சுமார் 1 டெசிபலைத் தின்னும். 10 டெசிபல் கூட்டும் அன்ரெனா, 10 மீற்றர் கேபிள்: கழித்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. தடித்த எல்எம்ஆர்-400 கேபிள் பத்து மீற்றருக்கு 2 டெசிபல் அளவே இழக்கும். ஆனால் அதன் விலை அன்ரெனாவை மிஞ்சும். டிவி கேபிளை வெட்டிப் பூட்டுவதும் நடக்கிறது. அதன் மின்மறுப்பு 75 ஓம், இதற்கு வேண்டியது 50 ஓம். அந்த வித்தியாசத்தை விட, பொருந்தாத கனெக்டரால் வரும் இழப்பே அதிகம். இன்னொன்று: 4ஜிக்கு இரண்டு அன்ரெனா, இரண்டு கேபிள் வேண்டும், ஒன்று வலப்பக்கம் 45 பாகை, மற்றது இடப்பக்கம் 45 பாகை சாய்ந்து. ஒன்றை மட்டும் பூட்டினால் வேகத்தில் பாதியை முதல் நாளே விட்டுக்கொடுத்ததாகும்.

இரண்டு, ரவுட்டரையே வெளியே ஏற்றுவது. வெளிப்புற 4ஜி பெட்டி என்று விற்பார்கள்: அன்ரெனாவும் மோடமும் ஒரே மழை புகாக் கூட்டுக்குள் இருக்கும், கீழே வருவது சாதாரண நெட்வேர்க் கேபிள், அதே கேபிளில் மின்சாரமும் மேலே போகும். நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை வேகத்தை இழக்காது. எங்கள் தெரிவு தயக்கமில்லாமல் இது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை. ஒன்றரை அங்குல ஜிஐ குழாய் 20 அடி நீளத்தில் வரும். சுவரில் இரண்டு இடத்தில் கவ்வி பிடித்தால் இழுகம்பி தேவையில்லை. இரண்டு குழாய் சேர்த்து 12 மீற்றர் போனால் மூன்று திசையில், இரண்டு மட்டத்தில் இழுகம்பி வேண்டும், நிலத்தில் அவற்றின் முளை கம்பத்திலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி. சோளகக் காற்றில் ஆடும் கம்பத்தில் சிக்னலும் ஆடும். மின்கம்பிக்குக் கம்பத்தின் உயரத்தை விடக் கூடிய தூரம் விட்டே நடுங்கள். தண்ணீர்த் தாங்கி இருந்தால் கம்பமே வேண்டாம். ஆனால் தாங்கிக்குப் பின்னால் அல்ல, கோபுரம் பார்க்கும் பக்கத்தில் பூட்ட வேண்டும். நிரம்பிய தண்ணீர் அலையை மறைக்கும்.

திசை பார்க்க ஒருவர் கம்பத்தில், ஒருவர் ரவுட்டர் பக்கத்தில். 15 பாகையாகத் திருப்பி ஒரு நிமிடம் காத்திருந்து எஸ்ஐஎன்ஆரை எழுதுங்கள். ஆர்எஸ்ஆர்பி உச்சமாக இருக்கும் திசையும் எஸ்ஐஎன்ஆர் உச்சமாக இருக்கும் திசையும் வேறுபட்டால் பின்னதையே எடுங்கள்.

கேபிள் வெளிப்பாவனைக்கான கறுப்பு நிறமாக, முழுச் செப்பாக இருக்கட்டும். உள்வீட்டுச் சாம்பல் கேபிள் வன்னி வெயிலில் வெடித்துவிடும். செப்புப் பூசிய அலுமினியக் கேபிள் மலிவு. நீளம் கூடக் கூட மேலே போய்ச் சேரும் வோல்டேஜ் குறைந்து, பெட்டி காரணமின்றித் தானே அணைந்து எழும்பும். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பெட்டியின் அடித்துவாரத்தை இறப்பர் மூடியால் இறுக்குங்கள். விட்டால் எறும்பு கூடு கட்டும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் ரவுட்டர் பற்றி ஒரு வார்த்தை. கனடா, அமெரிக்காவில் விற்பவை பெரும்பாலும் 700, 850, 1900 அலைவரிசைகளுக்கானவை, இங்கே பொருந்தாமல் போகலாம். ஐரோப்பியப் பெட்டி 900, 1800இல் ஓடும், 2300 எல்லாவற்றிலும் இராது. அனுப்பச் சொல்லுமுன் மாதிரி இலக்கத்தை வைத்து அலைவரிசைப் பட்டியலைப் பாருங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாத கருவி சுங்கத்தில் நிற்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

வயலைத் தாண்டி ஒரு பாலம்

சந்தியில் இருக்கும் தமக்கை வீட்டில் ஃபைபர், உங்கள் வீடு இரண்டு கிலோமீற்றர் உள்ளே. இரு பக்கமும் 5 கிகாஹேர்ட்ஸ் கம்பியில்லா வெளிக்கருவி ஒவ்வொன்று பூட்டி இணைப்பைக் கொண்டுவரலாம். வேலை செய்யுமிடத்தில் இதைப் போல் எதுவும் வராது: இரண்டு வீட்டுக்கும் மாதக் கட்டணம் ஒன்றே, வேகம் பத்துக்கணக்கான மெகாபிட்.

நிபந்தனை பார்வைக்கோடு. கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டு கிலோமீற்றருக்கு நடுப்பகுதியில் கோட்டைச் சுற்றி 3 மீற்றர், ஐந்து கிலோமீற்றருக்குச் சுமார் 5 மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். இடையில் 18 மீற்றர்த் தென்னை நின்றால் 21 மீற்றர்க் கம்பம் கேட்கும். அதோடு கதை முடிந்தது. வயல்வெளிக்கு இது மிகப் பொருத்தம். வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளத்தின் நீர்ப்பரப்பைக் கடந்தால் நீரில் தெறித்துவரும் அலை நேரே வரும் அலையோடு மோதி, நீர்மட்டம் ஏறி இறங்க வேகமும் ஏறி இறங்கும். ஒரு பக்கத்தின் உயரத்தை ஒன்றிரண்டு மீற்றர் மாற்றிப் பார்த்தால் சில வேளை தீரும்.

அயலாருக்குக் காசுக்குப் பகிர்வது வேறு விடயம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் சேவை வழங்க உரிமம் வேண்டும். உறவு வீடுகளுக்குள்ளும் கம்பனியின் நிபந்தனையை வாசித்துவிட்டே செய்யுங்கள்.

ஸ்டார்லிங்க்

இது செய்மதி வழியாக வானத்திலிருந்து வரும் இணையம். 2024 ஓகஸ்டில் உரிமம் கிடைத்து, 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. கோபுரமும் வீதியும் எங்கே என்ற கேள்வியே இதற்கு இல்லை. காட்டோரக் கிராமத்துக்கு இதைவிட வேகமானது வேறில்லை. அப்படியிருந்தும் ஒரு சாதாரண வீட்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கருவியின் விலையும் மாதக் கட்டணமும் 4ஜியைப் பல மடங்கு மிஞ்சுகின்றன. அதற்கு மேல் மின்சாரம்: வழமையான தட்டு 75 வாட் அளவில் இழுத்தால் மாதத்துக்கு 54 அலகு. 60 அலகுக்குள் பில்லை வைத்திருக்கும் வீடு அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். சிறிய மினித் தட்டு 30 வாட் அளவு, மாதம் 22 அலகுக்குள் அடங்கும்.

வானம் திறந்திருக்க வேண்டும் என்பதும் வன்னி வளவுகளில் சுலபமல்ல. மாவும் பலாவும் தென்னையும் வீட்டைச் சுற்றி நிற்கும். செயலியில் போன் கமராவால் வானத்தை வருடித் தடையைக் காட்டும் வசதி இருக்கிறது. வாங்குமுன்னரே அதைச் செய்யலாம். கொஞ்ச இலை மறைத்தாலும் படம் பார்ப்பது தடைப்படாது, ஆனால் வீடியோ அழைப்பு சில நிமிடத்துக்கொருமுறை உறையும். கடும் மாரிமழையில் சிறிது நேரம் போய்வரும். பாடசாலை, கொமினிகேஷன் கடை, வீட்டிலிருந்து வெளிநாட்டு வேலை செய்பவர் ஆகியோருக்கு இது கணக்குச் சரிவரும்.

கரண்டும் மின்னலும்

எந்தத் தெரிவானாலும் இது பொது. 12 வோல்ட், 18 அம்பியர்-மணி ஈய பற்றரியில் பாதியை மட்டும் பாவித்தால் 108 வாட்-மணி. ரவுட்டரும் வெளிப்பெட்டியும் சேர்ந்து 15 வாட் என்றால் ஏழு மணி நேரம். இன்வேர்ட்டர் வைத்து 230 வோல்ட்டுக்கு ஏற்றி மீண்டும் இறக்கினால் அதில் கணிசமான பங்கு சூடாகப் போகும். 12 வோல்ட்டை ஒரு சீராக்கி வழியாக நேரே கொடுங்கள். வெளிப்பெட்டி 24 அல்லது 48 வோல்ட் கேட்டால் ஏற்றும் மாற்றி தனியே வேண்டும். உங்கள் பற்றரி ஓடினாலும் கோபுரத்தின் பற்றரி முடிந்தால் சிக்னல் போய்விடும். 2022இல் 13 மணி நேரம் வரை வெட்டிய நாட்களில் நடந்தது அதுதான்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை இடி கடுமை. கம்பத்தை 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியால் நிலத்தில் அடித்த எர்த் கம்பியோடு இணைத்து, அதை வீட்டின் எர்த்தோடும் சேர்க்க வேண்டும். தனித்தனியே விட்டால் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தம் கருவி வழியாகவே பாயும். இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ரவுட்டரை எரிப்பது பல வேளை நெட்வேர்க் கேபிள் வழியே வருவது. இரண்டையும் கழற்றுங்கள், இடி தொடங்குமுன்.

இருப்பதை வைத்து ஓட்டுவதென்றால்

4ஜியிலேயே இருப்பதென்றால் கோபுர நெரிசலுக்குக் கம்பனி மாறுவதைத் தவிர மருந்தில்லை. மாற முடியாதவர்கள் நேரத்தை மாற்றலாம். 4 மெகாபிட்டில் ஒரு ஜிகாபைட் கோப்பு 33 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். உயர்தரப் பிள்ளைகளின் பாடக் காணொளிகளை நள்ளிரவுக்குப் பின் இறக்கி வையுங்கள். வீட்டு இணைப்புப் பக்கேஜுகள் பலவற்றில் இரவுக் கோட்டா தனியே இருப்பதால் அது பகல் டேட்டாவைத் தொடாது.

ஸூம் வகுப்பு நடக்கும்போது படம் உறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இறக்கம் அல்ல, ஏற்றம். யாரோ ஒருவரின் போன் அன்று எடுத்த கலியாணப் படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். படக் காப்பை வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் தானாக இறங்கும் காணொளியை அணையுங்கள். விண்டோஸில் வைஃபை இணைப்பை அளவுக்குட்பட்டது (metered) என்று குறித்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் வகுப்பு நேரத்தில் இறங்காது. யூடியூபை 360க்கு இறக்குங்கள். கரும்பலகை எழுத்து அதிலேயே வாசிக்கலாம். அப்படியும் ஆசிரியரின் குரல் வெட்டினால் பிள்ளையின் கமராவை மூடிவிடுங்கள். ஏற்றத்தில் அதிகம் இழுப்பது அதுதான்.